காது இரண்டு, டிரைவர் எட்டு: வீட்டிலேயே சரவுண்ட் ஹெட்போன் செய்ய எந்த வழி?

எங்கள் வீட்டில் படம் பார்ப்பதென்றால் இரவு பத்து மணிக்கு மேல்தான். குழந்தை தூங்கியிருக்க வேண்டும், கீழ் வீட்டுக்காரர் கதவைத் தட்டாமல் இருக்க வேண்டும். ஸ்பீக்கர் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஹெட்போன் போட்டாலோ, 5.1 ஒலியில் (முன்னால் மூன்று, பின்னால் இரண்டு, கீழ் ஒலிக்கு ஒன்று என்று ஆறு சானல்) கலந்த படமும் இரண்டு சானலாகச் சுருங்கி மண்டைக்குள்ளேயே ஓடுகிறது. முதுகுக்குப் பின்னால் பெய்ய வேண்டிய மழை நெற்றிப்பொட்டில் பெய்கிறது.

‘சானல்தான் ஆறு இருக்கிறதே, ஒவ்வொரு காதுக்கும் மூன்று நான்கு டிரைவர் வைத்துவிட்டால் என்ன?’ என்ற யோசனை, சால்டரிங் அயர்ன் வைத்திருக்கும் எவருக்கும் ஒருநாள் வரும். எனக்கும் வந்தது. ஒன்றில் ஆரம்பித்து, திருப்தியில்லாமல் அடுத்ததற்குப் போய், அப்படியே நான்கைந்து வழிகளைப் பார்த்தாயிற்று. இதே யோசனையோடு யாராவது டிரைவர் வாங்கக் கிளம்பினால், கிளம்பும் முன் இதைப் படித்துவிடட்டும் என்றுதான் எழுதுகிறேன். (ஹெட்போனுக்குள் இருக்கும் குட்டி ஸ்பீக்கரைத்தான் டிரைவர் என்கிறேன்.)

முதலில், நாம் ஏமாற்றப் போவது எதை என்று தெரிய வேண்டும். முன்னால் 30 டிகிரி இடப்பக்கம் ஒரு ஸ்பீக்கர் இருக்கிறது என்று வையுங்கள். அதன் ஒலி இடக் காதுக்கு மட்டும் போவதில்லை. தலையைச் சுற்றிக்கொண்டு வலக் காதுக்கும் போகிறது. கிட்டத்தட்ட 0.26 மில்லிவிநாடி தாமதமாக, கொஞ்சம் மங்கலாக. இந்தத் தாமதத்தையும் மங்கலையும் வைத்துத்தான் மூளை இடம் வலம் பார்க்கிறது என்று ராலே பிரபு 1907-லேயே விளக்கிவிட்டார். ஆனால் முன்னால் 30 டிகிரியில் இருந்து வந்தாலும், பின்னால் அதற்கு நேரான இடத்திலிருந்து வந்தாலும் அந்தத் தாமதம் ஒன்றுதான். அப்புறம் முன்னும் பின்னும் எப்படித் தெரிகிறது? அங்கேதான் காதுமடலின் வேலை. அதன் மேடுபள்ளங்களில் பட்டு, திசைக்குத் திசை ஒலியின் சாயல் மாறுகிறது. 5,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 7 செ.மீ. நம் காதுமடலின் உயரமும் அவ்வளவுதான். அதனால் மடலின் கைவரிசை பெரும்பாலும் அந்த அளவுக்கு மேலுள்ள கீச்சு ஒலிகளில்தான் தெரியும். மூன்றாவதாகத் தலையசைப்பு. தலையை லேசாகத் திருப்பினால் முன்னால் இருக்கும் ஒலி ஒரு பக்கம் நகரும், பின்னால் இருப்பது எதிர்ப்பக்கம் நகரும். இதை ஹான்ஸ் வாலக் 1940-ல் சோதனை செய்து காட்டினார். ஹெட்போன் தலையோடு சேர்ந்து திரும்புவதால் இந்த மூன்றாவது துப்பு அடியோடு போய்விடுகிறது.

ஆக, மறு காதுக்குப் போகும் கசிவு, காதுமடலின் சாயல், தலையசைப்பு என்று மூன்று. எந்த வழியைப் பார்த்தாலும் இந்த மூன்றில் எத்தனையைத் திருப்பித் தருகிறது என்று கேட்டால் போதும், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதல் வழி எல்லோருக்கும் தோன்றுவது: ஒரே கப்புக்குள் பல டிரைவர். கடையில் விற்றவையும் உண்டு. தென் கொரியாவின் ஜால்மன் நிறுவனம் காதுக்கு மூன்று டிரைவர் வைத்து ஒன்று விற்றது. ரேசர் 2012-ல் கொண்டுவந்த டியாமட் 7.1-ல் காதுக்கு ஐந்து, மொத்தம் பத்து. நான் செய்தது காதுக்கு நான்கு. முன், மையம், பின் என்று மூன்று சின்ன டிரைவர்கள், கீழ் ஒலிக்கு ஒரு 40 மி.மீ. மையச் சானலும் கீழ் ஒலிச் சானலும் இரண்டு காதுக்கும் போக வேண்டும், அதனால்தான் எட்டு.

இதில் ஒலியைவிட வயரிங்தான் சுவாரசியம். ஆறு சானலுக்கு ஆறு கம்பி, பொது எர்த்துக்கு இரண்டு, மொத்தம் எட்டு. லான் கேபிளுக்குள்ளும் எட்டுக் கம்பிதான்! ஆர்ஜே45 முனையோடு அழகாக ஒரே கேபிளில் முடிந்துவிடும் என்று துள்ளிக் குதித்தேன். அப்புறம்தான் டிரைவர்களை ஓட்ட வாங்கி வைத்திருந்த பிஏஎம்8403 ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) பலகைகளின் விவரத்தாளைப் படித்தேன். அது பிரிட்ஜ் முறையில் வேலை செய்வது. அதன் ஒவ்வொரு சானலின் மைனஸும் தனி மைனஸ், ஒன்றாக இணைத்தால் சிப் போய்விடும். பொது எர்த் வேண்டுமென்றால் டிடிஏ1308 மாதிரி ஹெட்போனுக்கென்றே உள்ள ஆம்ப் வேண்டும். ஐம்பது ரூபாய்க்குக் கிடைக்கிறதே என்று பிஏஎம்8403 வாங்குபவர்கள் இதை மட்டும் மறந்துவிடக் கூடாது. அதில் உஸ்ஸென்ற இரைச்சலும் உண்டு. ஸ்பீக்கரில் கேட்காது, காதோரத்தில் நன்றாகவே கேட்கும்.

சவுண்ட் கார்டு விஷயத்தில் இன்னொரு எச்சரிக்கை. கட்டைவிரல் அளவில், ‘7.1 சானல்’ என்று மேலே அச்சடித்து, ஒரே ஒரு ஹெட்போன் துளையோடு விற்கும் யூஎஸ்பி டாங்கிள் நமக்கு உதவாது. அது வெறும் ஸ்டீரியோ. முன், பின், மையம் என்று தனித்தனித் துளைகள் இருக்கும் பெட்டிதான் வேண்டும். சிஎம்6206 சிப் வைத்தவை விலை குறைவாகக் கிடைக்கின்றன. அந்தத் துளைகளில் நேராக 32 ஓம் டிரைவரைச் சொருகலாமா என்றால், ஒலி வரும், பேஸ் வராது. வெளியீட்டில் இருக்கும் கெபாசிட்டர் 10 மைக்ரோஃபாரட் என்றால் 32 ஓமோடு சேர்ந்து 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாவற்றையும் வெட்டத் தொடங்கிவிடும். ‘டிரைவர் மட்டம்’ என்று நான் இரண்டு வாரம் திட்டிக்கொண்டிருந்தது இதனால்தான். டிரைவர் மேல் தப்பே இல்லை.

சரி, எட்டையும் ஒட்டி, கப்புக்குள் பஞ்சடைத்துப் போட்டுக் கேட்டபோது எப்படி இருந்தது? பின் சானல் உண்மையிலேயே கொஞ்சம் பின்னால் போனது. காதுக்குப் பின்பக்கம், இரண்டு விரல் தூரத்தில். முன் சானல் முன்னால் போகவில்லை, கன்னத்தோரம் உட்கார்ந்துகொண்டது. வசனம் எப்போதும்போல மண்டைக்குள். யோசித்தால் ஆச்சரியமில்லை. மூன்று துப்புகளில் இந்த வடிவம் தருவது ஒன்றே ஒன்று, அதுவும் அரைகுறையாக. இடது முன் சானல் இடக் காதுக்கு மட்டுமே போகிறது, மறு காதுக்குக் கசிவே கிடையாது. கப்பின் நுரை காதுமடலை அழுத்துவதால் மடலின் சாயலும் கெட்டுப்போகிறது. போதாக்குறைக்கு, ஒரே ஒலி இரண்டு டிரைவரில் வரும்போது அவற்றுக்கும் காதுத்துளைக்கும் உள்ள தூரம் 2 செ.மீ. வித்தியாசப்பட்டால் 8,600 ஹெர்ட்ஸ் பக்கம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போகும். மடல் திசை சொல்லும் அதே பகுதியில்தான் இந்தப் பள்ளமும் விழுகிறது. இசை கேட்டால் வயலின் சளி பிடித்ததுபோல இருந்தது.

துருவம் மாறிய கதையையும் சொல்லிவிடுகிறேன். வலப்பக்கப் பின் டிரைவரின் ப்ளஸ் மைனஸை நான் மாற்றி சால்டர் செய்துவிட்டேன். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. எல்லா டிரைவருக்கும் ஒரே மோனோ பேஸ் ஒலியைக் கொடுத்து, இரண்டிரண்டாகச் சேர்த்துக் கேட்டுப் பாருங்கள். சேர்த்ததும் பேஸ் கூடினால் சரி, குறைந்தால் ஒன்று தலைகீழ். எட்டையும் ஒட்டிய பிறகு இதைச் செய்யாதீர்கள், ஒட்டும் முன் செய்யுங்கள்.

இரண்டாவது வழியைக் கிறுக்குத்தனம் என்பார்கள். எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். கனடாவின் சைக்கோ என்ற நிறுவனம் டிரைவர்களைக் கப்பில் வைக்காமல் தலைப்பட்டையில் வைத்து, அங்கிருந்து குழல் வழியாக ஒலியைக் காதின் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் இறக்கியது. குழலின் அழகு என்னவென்றால் தாமதம் இலவசம். ஒலி விநாடிக்கு 343 மீட்டர் போகிறது. அந்த 0.26 மில்லிவிநாடி வேண்டுமென்றால் மறு காதுக்குப் போகும் குழாயை 9 செ.மீ. நீளமாக வெட்டினால் தீர்ந்தது. சிப்பும் வேண்டாம், மென்பொருளும் வேண்டாம். மறு காதுக்குப் போகும் கசிவு என்ற முதல் துப்பு கத்தரிக்கோலால் கிடைத்துவிடுகிறது!

மீன் தொட்டிக்குக் காற்று விடும் சிலிகான் குழாயை வாங்கி, ஒவ்வொரு டிரைவர் முன்னாலும் ஒரு பாட்டில் மூடியை ஒட்டி, மூடியில் இரண்டு துளை போட்டு, ஒன்று இந்தக் காதுக்கு, ஒன்று அந்தக் காதுக்கு. போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்தால் ஆஸ்பத்திரியிலிருந்து ஓடிவந்தவன் மாதிரி இருந்தேன். ஆனால் முதல்முறையாக முன் சானல்கள் மண்டையை விட்டு வெளியே வந்தன. நிறைய இல்லை, மூக்கு நுனி வரை. அதற்கே கைதட்டத் தோன்றியது.

பிரச்சினை, குழாய் என்றாலே அது ஒரு வாத்தியம். ஒரு முனை டிரைவரால் அடைபட்ட 15 செ.மீ. குழாய் 570 ஹெர்ட்ஸ் பக்கம் தானாகப் பாடும், அதன் மூன்று மடங்கிலும் ஐந்து மடங்கிலும் பாடும். எல்லோரும் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல இருக்கும். குழாய்க்குள் கொஞ்சம் பஞ்சைத் திணித்தால் அந்தப் பாட்டு அடங்குகிறது, கூடவே கீச்சும் மங்குகிறது. மறு காதுக்குப் போகும் குழாயில் மங்குவது நல்லதுதான், நம் தலையும் அதைத்தானே செய்கிறது. நேர்க் குழாயில் மங்கினால் படத்தின் உயிர் போச்சு. பஞ்சின் அளவோடு மல்லுக்கட்டியே ஒரு மாதம் ஓடியது. இயற்பியல் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இதைக் கட்டாயம் செய்து பாருங்கள். தினம் படம் பார்க்க இது ஆகாது.

மூன்றாவது, காதைத் தொடாத ஹெட்போன். வியன்னாவின் ஏகேஜி 1989-ல் வெளியிட்ட கே1000-ஐப் படத்தில் பார்த்திருப்பீர்கள். கப்பே கிடையாது, இரண்டு டிரைவர் பலகைகள் கன்னப்பொட்டில் இருந்து கதவுபோல விரிந்து நிற்கும். 2019-ல் வந்த வால்வ் இண்டெக்ஸ் விஆர் கருவியிலும் காதைத் தொடாமல் தொங்கும் ஸ்பீக்கர்தான். இதன் நியாயம் எளிது. டிரைவர் காதுக்குச் சற்று முன்னால், சாய்வாக நின்றால் ஒலி முன்னிருந்து வந்து உங்கள் சொந்தக் காதுமடலில் படுகிறது. மடல் தன் வேலையைத் தானே செய்துகொள்கிறது. யாருடைய காதையும் அளக்க வேண்டாம்.

பழைய கட்டுமான ஹெல்மெட்டின் உள்பட்டையில் அலுமினியத் தகட்டை வளைத்துக் கட்டி, முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று காதுக்கு இரண்டு 40 மி.மீ. டிரைவர் வைத்தேன். எட்டு டிரைவர் கப்பைவிட இந்த நான்கு டிரைவர் சட்டகம் தெளிவாக ஜெயித்தது. முன்னும் பின்னும் குழம்புவது குறைந்தது, இசை இசையாக இருந்தது, காது வியர்க்கவில்லை. மறு காதுக் கசிவை மின்சுற்றிலேயே லேசாகக் கலந்துவிடலாம். பெஞ்சமின் பாவர் 1961-லேயே அதற்கு வழி சொல்லிவிட்டார். இன்று பல மியூசிக் பிளேயர்களில் கிராஸ்ஃபீட் என்று இருப்பது அந்த யோசனையின் வழி வந்ததுதான்.

ஆனால் பேஸ் போய்விடும். டிரைவரின் முன்பக்க அலையும் பின்பக்க அலையும் திறந்த வெளியில் சந்தித்து ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. கப் வைத்த ஹெட்போனில் நுரை இதைத் தடுக்கிறது. இங்கே அது இல்லை. ஈக்வலைசரில் ஏற்றினால் சின்ன டிரைவர் கொரகொரக்கும். இன்னொன்று, ஒலி வெளியே கசியும். இரவு பதினொரு மணிக்கு ஒரு சண்டைக் காட்சியில் குழந்தை எழுந்து உட்கார்ந்துவிட்டது. ஹெட்போன் செய்ய ஆரம்பித்த காரணமே அடிபட்டுப் போயிற்று. தனியாக அறை இருப்பவர்களுக்குக் கவலையில்லை.

நான்காவது வழியில் சால்டரே கிடையாது. சாதாரண ஹெட்போன், மென்பொருள். எந்தத் திசை ஒலி காதுக்கு எப்படி வந்து சேர்கிறது என்று பொம்மைத் தலையிலோ மனிதர் காதிலோ அளந்து வைத்திருப்பார்கள். எம்ஐடி 1994-ல் கீமார் பொம்மையில் அளந்ததும், கலிஃபோர்னியாவின் டேவிஸில் 45 பேர் காதில் அளந்த சிபிக் தொகுப்பும் இன்றும் இலவசம். அந்த அளவுகளை ஒவ்வொரு சானல் மேலும் ஏற்றி இரண்டு சானலாக்கித் தருவார்கள். விண்டோஸில் ஈக்வலைசர் ஏபிஓ என்ற மென்பொருளும் அதன்மேல் ஹெசுவி என்ற இன்னொன்றும் போட்டால் ஐம்பதுக்கும் மேலான சாயல்களை மாற்றி மாற்றிக் கேட்கலாம், காலணா செலவில்லை. கசிவு, மடல் இரண்டு துப்பும் வந்துவிடும். ஒரே குறை, அந்த மடல் உங்களுடையது அல்ல. யாரோ ஒருவர் காதை மாட்டிக்கொண்டு கேட்கிறீர்கள். சிலருக்குப் பொருந்திவிடுகிறது. எனக்கு எல்லாச் சாயலிலும் வசனம் நெற்றிக்கு மேலே ஏறிக்கொண்டது. ஜென்ஸ் பிளாவர்ட் 1969-ல் காட்டியது இங்கே பொருந்துகிறது என்று நினைக்கிறேன். ஒலி எங்கிருந்து வந்தாலும் சரி, 8,000 ஹெர்ட்ஸ் பக்கம் ஓங்கியிருந்தால் மேலே இருப்பதாகவும், 1,000 பக்கம் ஓங்கினால் பின்னால் இருப்பதாகவும் நமக்குத் தோன்றும். ஹெட்போனின் சொந்த மேடு அங்கே விழுந்தால் மென்பொருள் என்ன செய்தாலும் வசனம் மேலேதான் ஏறும்.

அதனால்தான் ஐந்தாவது: சொந்தக் காதை அளப்பது. ஸ்மித் நிறுவனத்தின் ரியலைசர் இதைச் செய்யும் பெட்டி, விலை ஆயிரக்கணக்கான டாலர். வீட்டில் செய்ய இம்பல்சிஃபர் என்ற இலவச மென்பொருளும் இரண்டு குட்டி மைக்கும் போதும். 6 மி.மீ. எலெக்ட்ரெட் மைக்கை, காதை அடைக்கும் நுரைத்தக்கையின் நடுவில் வைத்துக் காதுத்துளை வாசலில் பொருத்த வேண்டும். லேப்டாப்பின் மைக் துளை பெரும்பாலும் மோனோ என்பதால் மைக்குக்கு மின்சாரமும் கொடுக்கும் ஸ்டீரியோ ரிக்கார்டர் ஒன்றை இரவல் வாங்கினேன்.

ஐந்து ஸ்பீக்கர் வேண்டாம், ஒன்றே போதும். ஸ்பீக்கர் இருந்த இடத்திலேயே இருக்கும், நாம்தான் நாற்காலியைத் திருப்பித் திருப்பி உட்கார வேண்டும். 5.1-க்கு உலகம் ஒப்புக்கொண்ட கணக்கு, முன்னால் இரண்டு பக்கமும் 30 டிகிரி, நேரே ஒன்று, பின்பக்கம் 100 முதல் 120 டிகிரிக்குள் இரண்டு. தரையில் சுண்ணாம்புக் கட்டியால் கோலம்போலக் கோடு போட்டுக்கொண்டேன். ஒவ்வொரு கோணத்திலும் கீழ் ஒலியிலிருந்து கீச்சு வரை ஊளையிட்டு ஏறும் ஒரு ஒலியை இயக்கிப் பதிவு செய்ய வேண்டும். இத்தாலியின் ஏஞ்சலோ ஃபரீனா 2000-ல் சொன்ன முறை இது. கடைசியில் மைக்கைக் கழற்றாமலேயே ஹெட்போனையும் மாட்டி அதே ஊளையை இன்னொரு முறை பதிவு செய்தால், ஹெட்போனின் மேடுபள்ளத்தையும் மென்பொருள் நேர் செய்துவிடும். நெற்றிக்கு ஏறிய வசனத்தைக் கீழே இறக்கியது இந்தக் கடைசிப் படிதான்.

நண்பர் வீட்டு ஹாலில், மே மாதத்தில், மின்விசிறியை நிறுத்திவிட்டு இதைச் செய்தோம். தெருவில் ஒரு ஆட்டோ போனாலும் மறுபடி முதலிலிருந்து. வியர்வையில் இடப்பக்கத் தக்கை இரண்டு முறை வழுக்கி விழுந்தது. மைக் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் கீச்சுப் பகுதி மாறிவிடும் என்பதால் அதற்கும் மறுபடி. ஒரு ஞாயிறு முழுக்கப் போனது.

பலன்? முதலில் கேட்டபோது ஹெட்போன் ஓடவில்லை, ஸ்பீக்கர்தான் ஓடுகிறது என்று நினைத்துக் கழற்றிப் பார்த்தேன். மிகையாகச் சொல்லவில்லை. அளந்தது என் காதை மட்டுமல்ல, அந்த ஹாலின் எதிரொலியையும்தான். ஒலி மண்டைக்கு வெளியே போக அந்த எதிரொலி பெரிய துணை. இப்போதெல்லாம் என் அறையில் உட்கார்ந்து எந்தப் படம் பார்த்தாலும் அது நண்பர் வீட்டு ஹாலில்தான் ஓடுகிறது. என் மனைவி போட்டுக் கேட்டபோது ‘எல்லாம் பின்னால் கேட்கிறது’ என்றாள். அவள் காது வேறு, அவளுக்குத் தனியாக அளக்க வேண்டும்.

தலையசைப்பு மட்டும் பாக்கி. பிஎன்ஓ055 என்ற திசை அறியும் சென்சாரை ஆர்டுயினோ என்ற குட்டிக் கணினிப் பலகையோடு ஹெட்போன் பட்டையில் ஒட்டி, தலை திரும்பும் அளவுக்கு ஒலியை எதிர்ப்பக்கம் திருப்பலாம். ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரத்து ஐஇஎம் என்ற ஆய்வு நிலையம் தரும் இலவச பிளக்இன்களில் (ஒலி மென்பொருளோடு சேர்க்கும் துணை நிரல்கள்) அதற்கான வசதி இருக்கிறது. ஆனால் அது சானல் சானலாக இல்லாமல் சுற்றியுள்ள ஒலி முழுவதையும் ஒன்றாகப் பதிவு செய்யும் ஆம்பிசோனிக்ஸ் என்ற வேறு வழியில் போகிறது. ஹாலில் அளந்ததை அப்படியே அதில் போட முடியாது. படம் பார்க்கும்போது தலை திரையை நோக்கியேதான் இருக்கிறது, அதனால் நான் அதற்குள் போகவில்லை.

ஆக, யாருக்கு எது? படம் பார்க்கத்தான் என்றால் ஒரு டிரைவர்கூட வாங்க வேண்டாம். ஏற்கெனவே இருக்கும் நல்ல ஹெட்போனில் ஒரு வாரம் ஹெசுவியைப் போட்டுப் பாருங்கள். உங்கள் காதுக்கு ஒரு சாயல் பொருந்திவிட்டால் கதை முடிந்தது. பொருந்தவில்லை என்றால்தான் மைக் வாங்கிச் சொந்தக் காதை அளக்க வேண்டும். கேமில் எதிரி எந்தப் பக்கம் வருகிறான் என்று தெரிந்தால் போதும் என்பவர்களுக்கும் இதே வரிசைதான், ஆனால் எதிரொலி குறைந்த சாயலாகப் பார்த்து எடுங்கள். கையால் எதையாவது செய்தே தீரவேண்டும் என்று விரல் அரித்தால், மூன்றாவது வழியின் திறந்த சட்டகத்தைச் செய்யுங்கள். காதுக்கு இரண்டு டிரைவருக்கு மேல் வேண்டாம். மின்சாரம் கொடுத்ததும் காதில் மாட்டாமல், முதலில் மல்டிமீட்டரை வைத்து ஆம்ப் வெளியீட்டில் டிசி வோல்ட் இருக்கிறதா என்று பாருங்கள். ஒலியளவையும் அடிமட்டத்திலிருந்து ஏற்றுங்கள்.

ஒரே கப்பில் எட்டு டிரைவரை யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். என்னுடையதில் இருந்து நான்கைக் கழற்றிவிட்டேன். மீதி கப்போடு பரணில் இருக்கிறது. குழாய் வைத்ததை மட்டும் பிரிக்க மனம் வரவில்லை, மேசை மேலேயே கிடக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் அதைத்தான் எடுத்துக் காதில் வைத்துப் பார்க்கிறார்கள்.